கொட்டேசன்சாமி

எங்கள் பக்கத்தில் ஆண்களின் பெயரில் பாதி 'சாமி'யில்தான் முடியும். பழனிசாமி, பொன்னுசாமி, சின்னசாமி. அந்த வரிசையில் நான் ஒரு சாமியைச் சேர்க்கிறேன்: கொட்டேசன்சாமி. இது ஒற்றை ஆளுடைய பெயர் கிடையாது. குமாரபாளையத்தில் வீதிக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். தீபாவளிக்குத் தறி நிற்கப்போகிற மாதத்தில் இன்னும் கொஞ்சம் கூடுவார்கள்.

அடையாளம் சொல்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சொந்தமாகப் பதினாறு தறியோ இருபத்துநாலு தறியோ ஓடும். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் போன், போனுக்குப் பின்னால் நான்காய் மடித்த ஒரு காகிதம். அது போன கடையில் வாங்கிய கொட்டேசன். சைசிங்கில் பாவு ஓடிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, காலை பதினோரு மணி வாக்கில் டிராவல்ஸ் கடைக்குள் நுழைவார். ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார்.

"ஏனுங்க தம்பி, இந்தக் கப்பல் டூரு போறதுக்கு எவ்வளவு ஆகுமுங்க?"

"எந்தக் கப்பலுங்கண்ணா? எத்தனை பேரு?"

"சிங்கப்பூர்ல ஏத்தி, பினாங்கு, புக்கெட்டு எல்லாம் சுத்திப்போட்டு மறுக்கா சிங்கப்பூர்லயே எறக்கி உடறானே, அது. நாலு பேருன்னு வெச்சுக்க. ஆறு பேருன்னா எவ்வளவு கொறையும்?"

தம்பி கம்ப்யூட்டரைத் தட்டி மூன்று பக்கம் எடுத்துக் கொடுப்பார். எந்த நாள் எந்தத் துறைமுகம், ஜன்னல் இல்லாத கேபின் என்ன விலை, பால்கனி வைத்தது என்ன விலை, சாப்பாட்டில் எது அடக்கம், எதற்குத் தனிக் காசு, ஊழியர்களுக்கு டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு புத்திமதியும் கிடைக்கும். "கப்பலு கெளம்பற அன்னைக்குக் காலைல போயி எறங்காதீங்கண்ணா. ஒரு நாள் முன்னாடியே போயிருங்க. ஃபிளைட்டு லேட்டானா கப்பலு நமக்காக நிக்காது." சாமி மூன்று பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்வார். டீ வரும், குடிப்பார். "ஊட்ல கலந்துட்டுச் சொல்றனுங்க" என்று எழுந்திருப்பார்.

வீட்டுக்குப் போக மாட்டார். பாலத்தைத் தாண்டி பவானிக்குப் போவார். காவிரிக்கு இந்தக் கரை நாமக்கல் மாவட்டம், அந்தக் கரை ஈரோடு மாவட்டம். மாவட்டம் மாறினால் விலையும் மாறும் என்பது அவர் கணக்கு. அங்கே குமாரபாளையத்துக் காகிதத்தை எடுத்து நீட்டி, "இதுக்கும் கீழ பாத்துச் சொல்லுங்க" என்பார். ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குப் போகிற அன்று ஒரு கடை, சேலத்துக்கு வசூலுக்குப் போகிற அன்று ஒரு கடை, கோயமுத்தூரில் கல்யாணம் வந்தால் முகூர்த்தம் முடிந்த கையோடு அங்கேயும் ஒரு கடை. கப்பல் கம்பெனி வைத்த விலை எந்தப் பாலத்தைத் தாண்டினாலும் மாறுவதில்லை. வியாழக்கிழமை கேட்ட கடைக்கும் சனிக்கிழமை கேட்ட கடைக்கும் டாலர் ஏற்ற இறக்கத்தில் சில நூறு ரூபாய் விலகும், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு, "பவானிக்காரன் 640 ரூவா கம்மியாச் சொல்றானே தம்பி" என்று முதல் கடைக்கே திரும்பி வருவார். மறுபடி டீ.

இவரைக் கஞ்சன் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. பழக்கம் தறிக்குடோனில் வந்தது. நூல் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மீட்டருக்குக் காசுக் கணக்கில் கூலி பேசி, அந்தக் காசுக்குள்ளேயே கரண்ட் பில், தறி ஓட்டுகிறவர் சம்பளம், தீபாவளி போனஸ், மகளின் காலேஜ் ஃபீஸ் அத்தனையையும் நெய்து எடுத்தாக வேண்டும். நூல் வாங்க ஒரு புரோக்கர், நெய்த லுங்கியைத் தள்ளிவிட ஒரு புரோக்கர். "நூலுக்கும் கமிசன், துணிக்கும் கமிசன். ஊரு சுத்தறதுக்குமா கமிசன்?" என்று அவர் கேட்பதில் முப்பது வருஷத்து வலி இருக்கிறது.

"உங்ககிட்ட நான் கமிசனே வாங்கலீங்கண்ணா. நேராப் போட்டாலும் அதே வெலதான். எனக்குக் கப்பல் கம்பெனி குடுக்குது."

"கம்பெனி யாருகிட்ட வாங்கிக் குடுக்குது?"

தம்பிக்குப் பதில் வராது. பெரிய கப்பல் கம்பெனிகள் கேபின் கட்டணத்தில் பொதுவாக 10 சதவீதமோ அதற்கு மேலோ ஏஜென்டுக்கு ஒதுக்குகின்றன. துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் கமிஷன் கிடையாது. நேராகப் போடுகிற ஆளுக்கு அந்த ஒதுக்கீட்டைக் கழித்துக் கொடுக்கிற வழக்கம் இல்லை, கம்பெனியே வைத்துக்கொள்ளும். ஆக சாமி கேட்ட கேள்வி ஞாயமானது. 'நேராப் போட்டா கமிசன் மிச்சம்' என்று அதிலிருந்து அவர் போட்ட கணக்கும் சரிதான். மிச்சம் யாருக்கு என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை.

வரி விஷயத்தில் சாமியின் கை ஓங்கும். வெளிநாட்டு டூர் பேக்கேஜை இங்கே ஏஜென்டிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி.க்கு மேலே டி.சி.எஸ். என்று ஒன்றைப் பிடிப்பார்கள். 7 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம் என்று 2023 அக்டோபரில் ஏற்றினார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. வெளிநாட்டுக் கம்பெனியின் இணையதளத்தில் நேராகப் போட்டால் அதைப் பிடிக்க அங்கே ஆளில்லை. "அது போற காசு இல்லீங்கண்ணா. வருமான வரி ரிட்டன் போடறப்பக் கழிச்சுக்கலாம்" என்றார் தம்பி.

"ரிட்டனா?"

சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இந்த மனிதருக்குக் கடல் ஆசை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அவருடைய அதிகபட்சக் கப்பல் அனுபவம் பூலாம்பட்டியில் ஏறி நெரிஞ்சிப்பேட்டையில் இறங்குகிற விசைப்படகு. ஆசையைக் கிளப்பிவிட்டவர் சகலை. சிமெண்ட் கடை வைத்திருக்கும் சகலையை, கம்பெனிக்காரர்கள் டீலர் டூரில் கப்பலேற்றினார்கள். ஒத்தை ரூபாய் செலவில்லை. நீச்சல் குளத்தோரம் அவர் கூலிங்கிளாஸ் போட்டு நின்ற படம் ஒரம்பரை வாட்ஸ்அப் குரூப்பில் வந்த நாளில் இருந்து சாமி வீட்டு ரசத்தில் உப்புக் குறைந்துபோனது.

2022 ஜூனில் சென்னையில் இருந்தே சொகுசுக் கப்பல் என்று செய்தி வந்தது. கோர்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரெஸ் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். சாமி கேட்ட முதல் கேள்வி, "எந்த வருச மாடலுங்க?" செகண்ட் ஹாண்ட் தறி வாங்கிப் பழகின ஊரில் எதைக் கண்டாலும் அதைத்தான் கேட்பார்கள். 1990-ல் பிரான்சில் கட்டிய கப்பல் அது. நார்டிக் எம்ப்ரெஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் கம்பெனிக்கு ஓடியது. "முப்பத்திரண்டு வருசம் ஓடுன மெசினு" என்று உதட்டைப் பிதுக்கினார். தமிழ்நாட்டுக் கரைக்குச் செகண்ட் ஹாண்ட் கப்பல் புதிதில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் சென்னையில் இருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றிப்போன எம்.வி. சிதம்பரம் கப்பலும் 1966-ல் பாஸ்தர் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் இறக்கியதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி ஓட்டியது. 1985-ல் கடலில் தீப்பிடித்ததோடு அந்த ஓட்டம் முடிந்தது. நேராகப் போடுகிற பேச்சே அன்றைக்குக் கிடையாது. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்றவனுக்குத்தான் டிக்கெட்.

எம்ப்ரெஸ் அந்த ஜூனிலேயே புதுச்சேரிப் பக்கம் போனது. கப்பலுக்குள் சூதாட்டம் இருக்கிறது என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பி, அரசு அனுமதி கொடுக்கவில்லை. வந்தவர்கள் புதுச்சேரியில் இறங்காமலே திரும்பினார்கள். "பாத்தீங்களா, நல்லவேளை நாம்ப காசு கட்டல" என்று சாமி இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த வருஷம் அதே கப்பல் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குக் கிளம்பியது. அதற்கும் நாலு கடையில் கொட்டேசன் வாங்கி வைத்தார். போகவில்லை. சகலை போனது சிங்கப்பூர். இலங்கைக்குப் போனால் ஒரு படி கீழே.

கடைசியில் ஒரு ராத்திரி, நேராகவே போட்டுவிடுவது என்று முடிவானது. ஆறு பேர், மூன்று கேபின். காலேஜ் ஹாஸ்டலில் இருந்து வந்திருந்த மகன் லேப்டாப்பைத் திறந்தான். பக்கத்துக் குடோனில் தறிச் சத்தம். 'இந்த அறையை இப்போது 12 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று இணையதளம் எச்சரித்தது. ஏலச்சீட்டில் தேர்ந்த சாமிக்கு ரத்தம் சூடேறியது. "யாருடா அந்தப் பன்னெண்டு பேரு? பவானிக்காரனுங்களா?"

அடுத்து பெயர். முதல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதில் முக்கால் மணி நேரம் போனது. மனைவியின் பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர் ஒட்டியிருந்தது. மாமியார் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் தளம் ஒத்துக்கொள்ளவில்லை. 'சாமி'க்கு ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒய்யா ஐயா என்பதில் பாஸ்போர்ட் ஒன்று சொன்னது, ஆதார் ஒன்று சொன்னது, பேன் கார்டு இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று சொன்னது.

கேபின் விலைகளில் எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று இருந்தது. எந்தத் தளம், எந்த அறை என்பதைக் கம்பெனியே பிறகு ஒதுக்கும் என்று அதன் அடியில் பொடி எழுத்து. கல்யாண மண்டபத்தில் ரூம் ஒதுக்குகிற மாதிரிதானே என்று சாமி அதையே அமுக்கச் சொன்னார். கார்டு ஏற்கவில்லை, வெளிநாட்டுப் பரிவர்த்தனையைப் பேங்க்கில் அடைத்து வைத்திருந்தார்கள். அதைத் திறந்து மறுபடி போட்டபோது ஓ.டி.பி. மனைவியின் போனுக்குப் போனது. அந்தம்மா தூங்கிப்போயிருந்தார். ஒருவழியாக இரண்டு மணிக்கு டிக்கெட் விழுந்தது. டாலரில் கட்டியதற்காக பேங்க் பிடித்த மார்க்கப்பும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் வந்தன. அந்தக் காகிதத்தை மட்டும் அவர் நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் விசா ஞாபகம் வந்தது. சிங்கப்பூர் விசாவுக்கு, அந்த ஊரில் நமக்காக விண்ணப்பிக்க யாரும் இல்லையென்றால், தூதரகம் அங்கீகரித்த ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டும். சாமி அந்த நாட்டு அரசாங்கத்தையே ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டார். பிறகு ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, கப்பலு நம்ம பையனே போட்டுட்டான். விசா மட்டும் நீ பாத்துக்க."

தம்பி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சின்ன ஊரில் காட்டவும் முடியாது, எங்கேயாவது சுற்றி மாமன் மச்சான் முறை வந்து தொலைக்கும். "போட்டுரலாமுங்கண்ணா. கப்பல்ல போயிட்டு மறுக்கா சிங்கப்பூர்ல எறங்கறீங்கல்ல, ஒருக்கா உள்ள போற விசா பத்தாது. பாத்துத்தான் போடோணும்." சர்வீஸ் சார்ஜில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் குறைத்தார் சாமி. 'அப்படியே' என்ற சொல்லின் முழு வீச்சையும் அன்றைக்குப் பார்க்க முடிந்தது. அப்படியே மாமியாருக்கு ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி. அப்படியே விமானத்தில் சைவச் சாப்பாடு. அப்படியே இன்சூரன்ஸ். அப்படியே பாஸ்போர்ட் ஆறுக்கும் நாலு செட் ஜெராக்ஸ். சிங்கப்பூர் வருகை அட்டையை மட்டும் "அதுக்கெதுக்கு உனக்குச் சிரமம்" என்று தானே நிரப்பப் போனார். அரசாங்கம் இலவசமாக வைத்திருக்கும் அட்டை அது. சாமியின் தேடலில் முதலில் வந்தது அரசாங்கத் தளம் போலவே உடுத்தியிருந்த வேறொன்று. ஆளுக்கு இத்தனை டாலர் என்று கட்டி நிரப்பினார்.

ஒரு நாள் முன்னாடியே போகச் சொன்ன புத்திமதி? ஓட்டல் செலவு மிச்சம் என்று அதே நாள் காலை போய் இறங்கினார். ஒன்றும் ஆகவில்லை. விமானம் நேரத்துக்கு இறங்கியது, கப்பல் அங்கேயே நின்றது. உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சாமியும் இன்னும் பத்து வருஷத்துக்கு இதைத்தான் சொல்வார்.

கப்பலில் அறைச் சாவி கொடுத்தபோதுதான் பொடி எழுத்து பெரிதானது. மாமியாரும் மகளும் ஐந்தாம் தளத்தில் மூக்கு முனையில். மகனும் மச்சினனும் பதின்மூன்றாம் தளத்தில் வால் கோடியில். சாமியும் மனைவியும் நடுவில் ஒன்பதில். மாமியாருக்குக் காலை மாத்திரை கொடுத்துவிட்டு, மகனை எழுப்பிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தால் இட்லிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கொதித்துப்போய் வரவேற்பு மேசைக்கு வந்தார். அங்கே ஒரு பிலிப்பைன்ஸ் பெண் சிரித்தபடி அவருடைய புக்கிங்கைத் திருப்பிக் காட்டினாள். எல்லாம் அவரே சம்மதித்தது. சிரிக்கிற பெண்ணை எப்படி ஏசுவது? அதுவும் இங்கிலீஷில்? போனை எடுத்து, விரலால் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஏசுவதற்குத் தோதான ஒரு நம்பர் அதில் இல்லை. பையனை ஏசலாம் என்றால் அவன் பதின்மூன்றாம் தளத்தில் இருந்தான்.

சகலை கதையைக் கேளுங்கள். ஓசி டூர் ருசித்துப்போய், இரண்டாம் தரம் குடும்பத்தோடு, ஏஜென்ட் மூலமாகப் போனார். அவருக்குப் பால்கனி கிடைத்தது, பால்கனிக்கு வெளியே பார்வையை மறைத்துக்கொண்டு ஓர் உயிர்காப்புப் படகும் தொங்கியது. நடுக்கடலில் காசு கட்டி வைஃபை வாங்கி, குமாரபாளையத்துக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "ஏனப்பா, கடலைக் காட்டறேன்னு சொல்லிப்போட்டுப் படகைக் காட்டறயா? உன்ற கடைப்படி இனி நான் மிதிப்பனா?" இருபது நிமிஷம். அந்தப் பக்கம் இருந்து, "ஆமாங்கண்ணா, தப்புதானுங்கண்ணா, கம்பெனிக்கு மெயில் போடறனுங்கண்ணா." படகு இருந்த இடத்திலேயே இருந்தது. சகலை அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டார். அந்த இருபது நிமிஷத்துக்காகவே ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கலாம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்கும் சாட்சி இல்லாமல் இல்லை. ஏஜென்ட் வழியாகப் போட்டதில் தேதி மாற்ற வேண்டுமென்றால் கப்பல் கம்பெனி பெரும்பாலும் நம்மோடு பேசாது, உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள் என்றுவிடும். நமக்கு அவசரம் வருகிற வாரத்தில்தான் தம்பி மாலை போட்டுச் சபரிமலைக்குப் போயிருப்பார்.

திரும்பி வந்த சாமியிடம் டீக்கடையில் கடல் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "தண்ணிதானுங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் விலைவாசி. கோலா என்ன விலை, வைஃபை என்ன விலை, துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கக் கப்பல்காரன் கேட்டது எவ்வளவு, வெளியே டாக்சிக்காரன் கேட்டது எவ்வளவு. டூர் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட தாமஸ் குக், 1841 ஜூலையில் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 500 பேரை லெஸ்டரில் இருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன அந்தக் கூட்டத்திலும், "நேரா ஸ்டேசன்லயே எடுத்திருந்தா முக்கா ஷில்லிங்குதான்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்ன ஒரு கொட்டேசன்சாமி இருந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விலைவாசியோடு இன்னொன்றையும் சாமி கப்பலில் இருந்து கேட்டு வந்திருந்தார். மொத்தமாக ஆள் சேர்த்துப் போனால், பல கம்பெனிகளில் காசு கட்டும் பதினாறு பேருக்கு ஒரு படுக்கை இலவசம். துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும் கட்டினால் போதும். கேட்டதில் இருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. சைசிங் ஓனர், அவர் மனைவி, ஓய்வு பெற்ற இரண்டு வாத்தியார்கள், நூல் புரோக்கர், லுங்கி புரோக்கர், காளியம்மன் கோயில் திருவிழாவில் பிடித்த ஒரு தூரத்து ஒரம்பரைக் குடும்பம் என்று ஆள் சேர்த்தார். பதினைந்தில் முட்டிக்கொண்டு நின்றது. சகலையைக் கூப்பிட மனம் இல்லை. ஒரு நாள் பதினோரு மணிக்கு டிராவல்ஸ் கடையில் லிஸ்ட்டை விரித்து வைத்து, மேலிருந்து கீழ் வரை விரல் வைத்து எண்ணினார். கீழிருந்து மேலே எண்ணினார். பிறகு நிமிர்ந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இத்தனை பேரை ஏத்தி உடறயே, நீ ஒருக்காவாவது போயிருக்கறயா? எங்களோட வந்துரு. உன்ற டிக்கெட்டுக்கு நீயே காசு கட்டிக்க. பதினாறு ஆயிரும்."